கிரீஸை நடந்து பார்க்க: மலைகளுக்கும் இடிபாடுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கிரீஸ் என்றதும் நீலக் கடலும் வெள்ளை வீடுகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஏதென்ஸில் இறங்கி, அக்ரோபோலிஸில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே தீவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றும்தான். பழைய கோயில்களும் கோட்டைகளும் பெரும்பாலும் அந்த மலைகளைப் பார்த்து இடம் பிடித்தவை. அப்பல்லோ தெய்வம் குறி சொன்ன இடம் டெல்ஃபி. பஸ்ஸில் போய் இறங்கினால் அங்கே உடைந்த தூண்கள் தெரியும். மலைமேலிருந்து பழைய பாதையில் இறங்கி வந்தால், கோயிலை ஏன் அங்கே கட்டினார்கள் என்பதும் தெரிந்துவிடும். நடைபயணத்துக்கு ஆகும் கூடுதல் செலவும் கால்வலியும் இதற்காகத்தான்.

மலையேற்ற அனுபவம் எதுவும் தேவையில்லை. ஏற்ற இறக்கமான பாதையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நடக்க முடிகிறவர்களுக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருந்தால் போதும் என்ற கணக்கில் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பகுதி

கைடோடு நடக்கும் பயணங்கள் கிரீஸின் தரைப்பகுதியில் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சுற்றி அமைகின்றன. வடக்கே ஒலிம்பஸ். தேவர்களின் மலை என்ற பெயர் ஒன்றே போதும், ஆள் சேர்ந்துவிடும். உச்சியான மித்திகாஸ் 2,918 மீட்டர். 1913 ஆகஸ்ட்டில்தான் அதில் முதன்முதலாக ஏறியதாகப் பதிவு இருக்கிறது. கடைசிப் பகுதியில் கையையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும்; கல் உருளும், ஹெல்மெட் வேண்டும். அடிவாரத்தில் தியோன் என்ற பழைய நகரத்தைத் தவிர இடிபாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. மலைக்காகவே போகிறவர்களின் இடம் அது.

வடமேற்கில் ஸகோரி. விக்கோஸ் பள்ளத்தாக்கு, கல் வளைவுப் பாலங்கள், பலகைக்கல் கூரை வேய்ந்த கிராமங்கள் என்று கண்ணுக்கு விருந்து. 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் பழங்கால இடிபாடு வேண்டுமென்றால் கொஞ்ச தூரம் வண்டியில் போய் தொதோனாவைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை போகும்போது இங்கே போகலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு பெலொபொனீஸுக்கு. ஏதென்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் இந்தத் தீபகற்பத்தில் வெண்கலக் காலத்து மைசீனி, கி.மு. 4ஆம் நூற்றாண்டு எபிடாரஸ், பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்து மிஸ்த்ராஸ் என மூவாயிரம் ஆண்டுச் சரித்திரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஆர்க்கேடியா மலைகள். முடிவில் கொரிந்து வளைகுடாவைத் தாண்டி டெல்ஃபியையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு பருவம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை இன்னொரு பருவம். வசந்தத்தில் மலைச்சரிவு முழுக்கக் காட்டுப்பூக்கள், ஓடைகளில் தண்ணீர். இலையுதிர் காலத்தில் திராட்சையும் கஷ்கொட்டையும் (செஸ்ட்நட்) வரும்; கடலும் இன்னும் சூடாக இருக்கும். எனக்குப் பிடித்தது மே மாதம். ஏப்ரலில் போனால் உயரமான இடங்களில் பனி மிச்சமிருக்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட்டை மறந்துவிடுங்கள். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்கத் தோன்றும். நிழலே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைமேல் 38 டிகிரியில் ஐந்து மணி நேரம் ஏறுவது வேறு கதை. காட்டுத்தீ அபாயம் கூடிய நாட்களில் காடுகளுக்குள் போகவே தடை போட்டுவிடுவார்கள். கடும் வெப்ப அலையில் அக்ரோபோலிஸையே மதியத்தில் மூடியிருக்கிறார்கள்.

இன்னொன்று, கிரேக்க ஈஸ்டர் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டிப்படி கொண்டாடுவதால் பல ஆண்டுகளில் மற்றவர்களின் ஈஸ்டரோடு ஒத்துவராது. 2027இல் மே 2 அன்று வருகிறது. அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மலைக்கிராமங்களில் அறை கிடைக்காது. அறை மட்டும் முன்பே பிடித்துவிட்டால், நள்ளிரவில் மெழுகுவத்தியோடு ஊரே தெருவில் இறங்குவதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைடு கூடவே நடந்து வரும் குழுப்பயணம். இன்னொன்று, பாதைக்குறிப்பையும் ஜிபிஎஸ் தடத்தையும் கையில் கொடுத்துவிட்டு, பெரிய பெட்டியை மட்டும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. இரண்டாவது மலிவு. வரைபடம் பார்க்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இடிபாடுகள்தான் உங்கள் ஆசை என்றால் கைடு வேண்டும். முழங்கால் உயரத்துக்கு நிற்கும் சுவர்களைப் பார்த்து இது குளியலறை, இது நோயாளிகள் படுத்த மண்டபம் என்று நாமாகக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொல்லியல் தளங்களுக்குள் நின்று விளக்கம் சொல்ல கிரீஸில் உரிமம் பெற்ற கைடுகளுக்கு மட்டுமே அனுமதி. மலையில் கூட்டிப்போகிறவரின் தகுதி வேறு. இரண்டு தகுதியும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம். அதனால் நல்ல நிறுவனங்கள் மலைக்கு ஒருவரையும், மைசீனி, டெல்ஃபி போன்ற இடங்களுக்கு உள்ளூரில் இன்னொருவரையும் அமர்த்துகின்றன. விலை குறைவான பயணங்களில் இந்த இரண்டாவது ஆளைத்தான் வெட்டுவார்கள். வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போய் நீங்களே பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் வாருங்கள் என்பார்கள். ஆகவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தெந்தத் தளத்தில் உரிமம் பெற்ற கைடு வருகிறார் என்பது.

அடுத்து, குழுவில் எத்தனை பேர். பன்னிரண்டு பேர் என்றால் நல்லது, பதினாறுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் சொல்வது பின்னால் வருகிறவருக்குக் கேட்காது. நுழைவுச்சீட்டுகள் கட்டணத்தில் அடக்கமா, மதிய உணவு யார் பொறுப்பு, ஒரு நாள் நடக்க முடியாமல் போனால் வண்டியில் வர வழி உண்டா, தனி ஆளாகப் போனால் அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எளிது, நடுத்தரம் என்ற தரவரிசையை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்று மூன்று எண்களைக் கேளுங்கள். மலைநடையில் ஒரு பழைய கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். கிரேக்கப் பாதைகள் கல்லும் முள்ளுமானவை என்பதற்கும், படம் எடுக்க, மூச்சுவிட, சாப்பிட நிற்பதற்கும் அதில் பாதியைச் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்துவிடும்.

விசா, காப்பீடு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். வசந்த காலத்து நெரிசலை நினைத்து இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஓர் ஊரில் ஓர் இரவு, இன்னோர் ஊரில் இரண்டு இரவு என்று மாறிக்கொண்டே போகும் பயணம் இது. தேதிவாரியாகத் தங்குமிடங்களின் பெயர் போட்ட கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த நிபந்தனையைச் சமாளிக்க வாங்கும் மலிவான பாலிசிகள் பலவற்றில் மலைநடை விலக்குப் பட்டியலில் இருக்கும். மலையேற்றம், மீட்புச் செலவு இரண்டும் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படித்துப் பாருங்கள். நான் சொல்லப்போகும் பாதை 1,500 மீட்டரைப் பெரிதாகத் தாண்டாது. ஆகவே சாதாரண நடைபயணப் பிரிவே போதும்.

உடம்பும் மூட்டையும்

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். பழகாதவர்களைப் படுத்துவது இறக்கம்தான். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்குங்கள்; லிஃப்டில் ஏறிப் போய்ப் படியில் இறங்குவதும் நல்ல பயிற்சி. வாரம் ஒருமுறை, முதுகில் பையோடு மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து நடந்து பாருங்கள்.

ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் மலைநடை ஷூவை வாங்கி, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்கிவிட வேண்டும். கிரீஸில் காலை வாருகிறவை இரண்டு: மலையில் உருளும் சுண்ணாம்புக் கல், தளங்களில் இரண்டாயிரம் வருடமாகத் தேய்ந்து வழவழப்பான பளிங்கு. மழைத்தூறல் விழுந்தால் இரண்டாவதுதான் மோசம். ஊன்றுகோல் ஒரு ஜோடி இருந்தால் இறக்கத்தில் முழங்கால் வாழ்த்தும். தளத்துக்குள் போகும்போது அதை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பாதையோரத்துக் குத்துச்செடிகளின் இலைகளில் முள் உண்டு, அரைக்கால்சட்டை போட்டால் கெண்டைக்கால் முழுக்கக் கீறல்தான்.

பகலில் முதுகில் சுமப்பதற்கு 20 அல்லது 25 லிட்டர் பை போதும். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, நெற்றியில் மாட்டும் டார்ச். பிறகு மடாலயங்களுக்காக, தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டால் இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். கால்சட்டையோடு வரும் பெண்களைச் சில மடாலயங்களில் உள்ளே விடுவதில்லை.

பாதை: நாஃப்பிலியோவிலிருந்து தொடங்குங்கள்

ஏதென்ஸில் இறங்கிய அன்றே 140 கிலோமீட்டர் தள்ளி நாஃப்பிலியோவுக்குப் போய்விடுவது நல்லது. கடலோர ஊர், நடக்க இதமான சந்துகள். நவீன கிரீஸின் முதல் தலைநகரங்களில் ஒன்று இது. 1834இல்தான் தலைநகரை ஏதென்ஸுக்கு மாற்றினார்கள். ஊருக்கு மேலே பலமிதி கோட்டை நிற்கிறது. வெனிஸ்காரர்கள் 1714இல் கட்டி முடித்தது. படிகள் 999 என்பது ஊரார் பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் அவ்வளவு வராது என்கிறார்கள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் இதில் ஏறி இறங்கிவிடுங்கள். ஷூ கடிக்கிறதா, முழங்கால் என்ன சொல்கிறது என்பதெல்லாம் மலைக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்த நாள் மைசீனிக்குக் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஏதென்ஸிலிருந்து வரும் பஸ்கள் வரிசைகட்டிவிடும். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு குன்று, கீழே ஆர்கோஸ் சமவெளி கடல் வரை விரிந்து கிடக்கிறது. யார் வந்தாலும் முதலில் இங்கிருந்து கண்ணில் பட்டுவிடுவார்கள். கி.மு. 1250 வாக்கில் எழுப்பிய சிங்க வாசலில் எதிரெதிராக நிற்கும் இரண்டு விலங்குகளுக்கும் இன்று தலை இல்லை. தலைகளைத் தனியாகச் செய்து பொருத்தியிருந்தார்கள், அவை போய்விட்டன. கோட்டையின் மறுகோடியில் இருக்கும் நிலவறைத் தண்ணீர்த் தொட்டியைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். மதிலுக்கு வெளியிலிருந்த ஊற்றுநீரைக் குழாய் வழியாக மண்ணுக்கடியில் கொண்டுவந்து, முற்றுகைக் காலத்திலும் உள்ளிருந்தே மொண்டுகொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இருட்டில் வளைந்து இறங்கும் படிகள். எவ்வளவு தூரம் இறங்க விடுகிறார்களோ அவ்வளவு தூரம் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் இருக்கும் அத்ரேயஸ் கல்லறைக்கும் அதே சீட்டுதான். சாந்து இல்லாமல் கல்லை வட்ட வட்டமாக அடுக்கி 13 மீட்டர் உயரத்துக்குக் குவித்திருக்கிறார்கள். உள்ளே நின்று மெதுவாகப் பேசினாலும் குரல் சுற்றிச் சுற்றி வரும்.

எபிடாரஸை அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அரங்கத்தின் நடுவில் காசைப் போட்டுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஏறக்குறைய 14,000 பேர் உட்காரும் அந்த அரங்கம், உண்மையில் ஒரு வைத்தியசாலையின் பகுதி. அஸ்கிலிபியஸ் என்ற மருத்துவத் தெய்வத்தின் கோயிலுக்கு நோயாளிகள் வந்து, மண்டபத்தில் படுத்துக் கனவில் மருந்து கேட்டுப் போனார்கள். அந்த மண்டபம் இருந்த இடத்தை உங்கள் கைடைக் காட்டச் சொல்லுங்கள். இதே தெய்வத்தை மலைக்குள் இன்னொரு முறை பார்க்கப்போகிறீர்கள்.

மிஸ்த்ராஸ்: மேலிருந்து கீழே

ஸ்பார்ட்டாவைப் பார்க்க என்று யாரும் போக வேண்டியதில்லை. பழைய ஸ்பார்ட்டாவில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதை ஒட்டி, தைகெடோஸ் மலையின் மடியில் இருக்கும் மிஸ்த்ராஸ்தான் விஷயம். 1249இல் ஒரு ஃபிராங்கிய (மேற்கு ஐரோப்பிய) பிரபு கட்டிய கோட்டை, பிறகு பைசாந்தியர் கைக்கு வந்து ஒரு நகரமாகவே வளர்ந்தது. கடைசிப் பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் 1449இல் அரியணை ஏறியது இங்கேதான். நான்கே வருடத்தில் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது, அவரும் போரில் மாண்டார்.

இந்தத் தளத்துக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். வண்டியை மேல்வாசலில் விட்டுவிட்டு, முதலில் உச்சிக் கோட்டைக்கு ஏறி, பிறகு அரண்மனை, தேவாலயங்கள் என்று இறங்கிக்கொண்டே வந்து கீழ்வாசலில் வண்டியைப் பிடியுங்கள். மூன்றரை மணி நேரமாவது வேண்டும். வழியில் பந்தனஸ்ஸா மடாலயத்தில் இன்றும் கன்னியாஸ்திரீகள் வாழ்கிறார்கள்; அந்த நகரத்தில் மிச்சமிருக்கும் குடிகள் அவர்கள் மட்டும்தான். சுவரோவியங்களுக்கு பெரிவ்லெப்தோஸ் தேவாலயம். அது கீழே ஒரு மூலையில் இருப்பதால் களைத்துப்போனவர்கள் விட்டுவிடுகிறார்கள்; விட்டுவிடாதீர்கள்.

மறுநாள் அனவ்ரித்தி கிராமம் வரை வண்டியில் ஏறி, அங்கிருந்து பழைய கழுதைப் பாதையில் பரோரிக்கு இறங்கலாம். கல் பாவிய இந்தப் பாதைகளைக் கல்தெரிமி என்பார்கள். சாலை வருமுன் ஊருக்கு ஊர் போக்குவரத்து இதில்தான் நடந்தது. மூன்று மணி நேர இறக்கம். உச்சியை எட்ட ஆசைப்படுகிறவர்களுக்குத் தைகெடோஸ் 2,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அது தனியாக ஒரு பயணம்.

லூசியோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு

இந்தப் பயணத்தில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆர்க்கேடியாவில் ஸ்தெம்னிட்சாவிலோ திமிட்சானாவிலோ மூன்று இரவு தங்குங்கள். இரண்டுமே ஆயிரம் மீட்டரை ஒட்டிய கல்வீட்டு ஊர்கள். இவற்றைத் தொட்டுப் போகிறது மெனலோன் பாதை: ஸ்தெம்னிட்சாவிலிருந்து லங்காதியா வரை எட்டுப் பகுதிகள், மொத்தம் 75 கிலோமீட்டர். உள்ளூர்க்காரர்கள் துப்புரவு செய்து அடையாளம் போட்டுப் பராமரிக்கும் பாதை. ஐரோப்பிய நடைபயணச் சங்கத்தின் தரச்சான்று 2015இல் இதற்குக் கிடைத்தது. கிரீஸில் இதுதான் முதலாவது.

முதல் பகுதியான ஸ்தெம்னிட்சா–திமிட்சானா 12.5 கிலோமீட்டர். பல குழுக்கள் அதைச் சற்று மாற்றி, பள்ளத்தாக்கின் அடியில் கோர்த்திஸ் என்ற பழைய ஊரின் இடிபாட்டிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நடக்கின்றன. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எபிடாரஸில் பார்த்த அஸ்கிலிபியஸுக்கு இங்கேயும் ஒரு கோயில் இருந்தது. சுற்றுவேலிக்குள் வட்ட வடிவக் குளியலறையின் அடித்தளமும் தண்ணீர்க் கால்வாய்களும் தெரியும். சீட்டு வாங்கும் கூட்டம் கிடையாது, ஆற்றுச் சத்தம்தான். இந்த ஆற்றுத் தண்ணீரைப்போல் சில்லிட்ட தண்ணீர் வேறெங்கும் இல்லை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த பௌசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். மே மாதத்திலும் காலை விட்டால் ஒரு நிமிடம் தாங்க முடியாது.

அங்கிருந்து ஆற்றோரமாகவே பாதை. பிறகு ஏற்றம் தொடங்கும், தலையை நிமிர்த்தினால் செங்குத்துப் பாறையில் மரப்பால்கனிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புரோத்ரொமோ மடாலயம். தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்கும். உள்ளே நுழைந்ததும் வரவேற்பறையில் ஒரு தட்டில் லுக்கூமி இருக்கும். ரோஜா வாசனையோடு சர்க்கரை மாவு தூவிய சதுர மிட்டாய், பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். வழிப்போக்கர்களை உபசரிப்பது மடாலய வழக்கம். காசு கேட்க மாட்டார்கள், உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். மதியம் சில மணி நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள். இதைக் கணக்கு வைத்து நடையைத் தொடங்குவது கைடின் வேலை.

ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் ஏறினால் ஃபிலோசோஃபு மடாலயங்கள் இரண்டு. புதியது 17ஆம் நூற்றாண்டு. பழையது 963இல் தொடங்கியது. பாறைக்குள் ஒளிந்திருப்பதால் பக்கத்தில் போகும் வரை கண்ணில் படாது. துருக்கியர் ஆட்சியில் இங்கே ரகசியப் பள்ளிக்கூடம் நடந்தது என்று சொல்வார்கள். சரித்திர ஆசிரியர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த இருட்டறையில் நிற்கும்போது கதையை நம்பிவிடத்தான் தோன்றுகிறது.

கடைசி ஏற்றம் திமிட்சானாவுக்கு. கால் கெஞ்சும் நேரத்தில், ஊருக்குச் சற்று முன்னால் திறந்தவெளி நீராற்றல் அருங்காட்சியகம் வரும். மாவு அரைக்க, தோல் பதனிட, கம்பளி துவைக்க என்று ஓடும் தண்ணீரை வைத்தே எல்லா வேலையும் செய்த பட்டறைகளை அப்படியே இயக்கிக் காட்டுகிறார்கள். இதே ஓடைகள் வெடிமருந்து இடிக்கும் உலக்கைகளையும் ஓட்டின. 1821இல் தொடங்கிய விடுதலைப் போருக்குத் திமிட்சானா வெடிமருந்து அனுப்பியது. கோர்த்திஸிலிருந்து இங்கே வரை ஒரு முழு நாள்.

அடுத்த நாள் ஸிகோவிஸ்தியிலிருந்து எலாத்தி வரை, ஃபிர் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நிழலான பாதை, சிரமம் குறைவு. வித்தினா பக்கம் போனால் ஃபிர் மரத்தேன் வாங்குங்கள். மெனலோன் வனிலியா என்று பெயர். வெளிறிய நிறம், முத்துப்போன்ற கோடுகள் ஓடும், தித்திப்பு மிதமாக இருக்கும்.

நேரமிருந்தால் ஒரு நாள் பாஸ்ஸேக்குப் போய் வரலாம். 1,131 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் அப்பல்லோ கோயில். காற்று மழையிலிருந்து காக்க 1987இலிருந்து அதன்மேல் பெரிய கூடாரம் போட்டிருக்கிறார்கள். கூடாரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளே போனபின் அந்தச் சாம்பல்நிறத் தூண்கள் மிக அருகில் வந்துவிடுவதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒலிம்பியாவைத் தனி நாளாகப் போடாதீர்கள். சமவெளி, நடக்க மலையில்லை, கூட்டமும் அதிகம்.

வழியில் சாப்பாடும் நாய்களும்

சைவர்கள் பயப்பட வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் மதத்தில் விரத நாட்கள் ஏராளம், அதனால் எண்ணெயும் காய்கறியும் பருப்பும் மட்டும் போட்ட சமையல் எல்லா ஊரிலும் உண்டு. ஃபசோலாதா என்ற வெள்ளை பீன்ஸ் சூப், தக்காளியில் வெந்த பெரிய மொச்சை போன்ற கிகாந்தெஸ், எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரையான ஹோர்த்தா, கத்தரிக்காயும் உருளையும் சேர்த்துச் சுட்ட பிரியாம். குடைமிளகாயில் சோறு அடைத்த கெமிஸ்தாவில் சில கடைகளில் கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நிஸ்திசிமா என்று கேட்டால் விரதச் சாப்பாடு வரும். அதிலும் கணவாயும் இறாலும் இருக்கலாம், காரணம் அவர்கள் விரதத்தில் அவை சேரும். காரம் மட்டும் எதிலும் இருக்காது. ஊறுகாய் கொண்டுபோனால் உங்கள் பாடு நிம்மதி. மாலையில் மலைத் தேநீர் கேளுங்கள். மலைச்செடியை உலர்த்திக் கொதிக்க வைத்தது, அலுப்புக்கு நல்லது.

மலையில் ஆட்டுமந்தை வந்தால் காவல் நாய்களும் கூடவே வரும். பெரிய நாய்கள், மந்தையைக் காப்பதுதான் அவற்றின் வேலை. ஓடாதீர்கள், மந்தைக்குள் புகாதீர்கள், ஊன்றுகோலைச் சுழற்றாதீர்கள். குழுவாக ஒட்டி நின்று, இடையன் குரல் கொடுக்கும் வரை பொறுத்து, சுற்றிப் போங்கள். பாம்புகளில் விரியன் உண்டு. கல்சுவரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கிராமத்துக் குழாய்களிலும் ஊற்றுகளிலும் தண்ணீர் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். அவசரத்துக்கு எண் 112, கைப்பேசியில் எந்தச் சிம் இருந்தாலும் போகும்.

கடைசியாக டெல்ஃபி

ஆர்க்கேடியாவிலிருந்து பத்ராஸ் வழியாக, 2004இல் திறந்த ரியோ–அந்திரியோ பாலத்தைத் தாண்டி டெல்ஃபிக்கு அரை நாள் வண்டி. வந்தவுடன் தளத்துக்கு ஓடாமல், மறுநாள் முதலில் மலைக்குப் போங்கள். டெல்ஃபிக்கு மேலே நிற்கும் பர்னாசஸ் மலையின் மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 1,360 மீட்டரில் கோரிக்கியன் குகை இருக்கிறது. பான் தெய்வத்துக்கும் வனதேவதைகளுக்கும் உரியது. கி.மு. 480இல் பாரசீகப் படை வந்தபோது டெல்ஃபி மக்கள் ஏறி ஒளிந்த இடம். ஃபிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, நேர்ந்துகொண்டவர்கள் போட்டுப்போன சின்னச் சின்ன மண்பொம்மைகளும், ஆட்டின் கணுக்கால் எலும்புகள் 20,000க்கு மேலும் கிடைத்தன. பகடைபோல் உருட்டி விளையாடவும் குறி பார்க்கவும் பயன்பட்ட எலும்புகள் அவை. கல் வழுக்கும், உள்ளே டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

குகையிலிருந்து காட்டைக் கடந்து மேட்டின் விளிம்புக்கு வந்தால், பாதை செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து இறங்கும். காலடியில் டெல்ஃபி, அதற்குக் கீழே ஒலிவ மரக்கடல், அப்புறம் கொரிந்து வளைகுடா. குகையிலிருந்து ஊர் வரை நான்கு மணி நேரம், கிட்டத்தட்ட எழுநூறு எண்ணூறு மீட்டர் இறக்கம். ஊன்றுகோலை மறக்காதீர்கள்.

தளத்தை அடுத்த நாள் காலை திறந்தவுடன் பாருங்கள். அகழாய்வு 1892இல் தொடங்கியபோது இங்கே காஸ்த்ரி என்ற ஊரே இருந்தது; அதை அப்படியே தள்ளி இடம் மாற்றிவிட்டுத்தான் தோண்டினார்கள். அப்பல்லோ கோயில் மேடையைத் தாங்கும் சுவருக்கு முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். செங்கல் போன்ற நேர்க்கோடே இல்லாமல், ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்று பொருந்தும் கற்கள். வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கற்களின்மேல் எறும்பு வரிசைபோலப் பொடி எழுத்துகள் தெரியும். பெரும்பாலும் அடிமைகளை விடுவித்ததற்கான பத்திரங்கள். யார், யாரை, என்ன விலைக்கு, எந்தச் சாட்சிகள் முன்னால் என்று நூற்றுக்கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முன்னால் கட்டணம் வாங்கிக்கொண்டு குறி சொன்ன தெய்வம், இங்கே பதிவாளர் அலுவலகமும் நடத்தியிருக்கிறது. வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். வெண்கலத் தேரோட்டிச் சிலையின் கண்ணிமை முடிகள் வரை அப்படியே இருக்கின்றன. சாலைக்குக் கீழே மர்மரியாவில் மூன்று தூண்களோடு நிற்கும் வட்டக்கோயிலுக்குச் சீட்டே வேண்டாம்.

கால் இன்னும் கேட்டால், யாத்திரிகர்கள் கப்பலில் வந்திறங்கி மேலே ஏறிய வழியைத் தலைகீழாக, ஒலிவத் தோப்புகளுக்குள் கடற்கரை வரை இறங்கலாம். மூன்றரை மணி நேரம். கடைசியில் கடலில் குளித்துவிடலாம்.

பயணம் முடிவதற்கும் விமானத்துக்கும் நடுவில் ஏதென்ஸில் ஒரு நாள் இடைவெளி கட்டாயம் விடுங்கள். கிரீஸில் வேலைநிறுத்தம் சகஜம். பஸ்ஸும் மெட்ரோவும் சில நேரம் தளங்களும் நின்றுவிடும். அந்த நாளில் அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த சீட்டை முன்பே இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தையும் அன்றைக்கே வையுங்கள். பலர் வந்திறங்கிய முதல் நாளே, விமானத் தூக்கத்தோடு அதைப் பார்த்துவிடுகிறார்கள். 1876இல் ஷ்லீமன் என்ற ஜெர்மன் அகழாய்வாளர் தோண்டியெடுத்த மைசீனித் தங்க முகமூடி அங்கேதான் இருக்கிறது. மைசீனியில் எந்தக் கல்லறைக் குழியிலிருந்து அது வந்தது என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்தபின் போனால், மற்றக் கூடங்களுக்கு நேரமே மிஞ்சாது. செவ்வாய்க்கிழமைகளில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்.